வீட்டுலயே செஞ்ச ஃபிளாட் லேப் மெஷின்: நல்லா ஓட்டிப் பாத்துட்டு எழுதற ரிவ்யூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன், கல்ல தட்டையா தேய்ச்சு பாலிஷ் போடற இந்த மெஷின் நல்லா இருக்கு, அகேட்ங்கற கல்லுல டியூப் லைட் அப்படியே தெரியற அளவுக்கு பாலிஷ் வருது. ஆனா செய்யலாம்னு நினைக்கறவங்க எல்லாரும் எந்த மோட்டார், எத்தன வாட்ஸ்னு மண்டைய உடைச்சுக்கறாங்க பாருங்க, அதெல்லாம் மூணாவது இடத்துலதான் வரும். தட்டு ஆடாம சுத்தணும், தண்ணி ஒழுங்கா வரணும், இந்த ரெண்டும் அமைஞ்சுட்டா சாதாரண மோட்டாரே போதும், அமையலன்னா எவ்ளோ பெரிய மோட்டார் போட்டாலும் கீறல் போகவே போகாது.

என் மெஷின்ல என்ன இருக்குன்னா 8 இன்ச் அலுமினியத் தட்டு, அதுக்கு கீழ ஒரு ஷாஃப்ட், ஹவுசிங்கோட ரெண்டு பேரிங், பழைய வாஷிங் மெஷின் மோட்டார், புல்லி பெல்ட், சுத்தி ஒரு பிளாஸ்டிக் டப். தட்டு மேல டைமண்ட் டிஸ்க்க வெச்சு நடுவுல நட்டு போட்டு இறுக்கணும், கல்ல கையால புடிச்சு தேய்க்கணும், வேலை அவ்ளோதான்.

தட்டுல காசு மிச்சம் புடிக்காதீங்க. 12 மில்லிமீட்டர் கனம் இருக்கற அலுமினியம் எடுத்து லேத்ல குடுத்து கடையச் சொல்லுங்க, அதுலயும் ஹப்ப (தட்ட ஷாஃப்ட்ல மாட்டற நடுப்பகுதி) தட்டோட மாட்டிட்டு அப்புறமா ஒரே செட்டிங்ல மேல்பக்கத்த கடையணும்னு சொல்லிடுங்க. தனித்தனியா கடைஞ்சு கடைசியில ஸ்க்ரூ போட்டு சேத்தா ஃபேஸ் அவுட் (தட்டு சுத்தறப்போ மேலயும் கீழயும் ஆடறது) எங்கயாவது ஒளிஞ்சுகிட்டே இருக்கும். இந்த ஆட்டத்த அளக்கற டயல் கேஜ் இருந்தா ஓரத்துல வெச்சு பாருங்க, 0.05 மில்லிமீட்டருக்குள்ள நின்னா தாராளம். கேஜ் இல்லாதவங்க ஒரு மார்க்கர ஸ்டாண்டுல அசையாம கட்டி, முனை தட்ட தொட்டும் தொடாம நிக்கற மாதிரி வெச்சு, தட்ட கையால மெதுவா சுத்துங்க, எந்தப் பக்கம் மட்டும் கோடு விழுதோ அந்தப் பக்கம் தூக்கலா இருக்கு. இந்த ஆட்டம் கண்ணுக்கு சின்னதா தெரியும், ஆனா 700 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 700 சுத்து) ஓடறப்போ செகண்டுக்கு கிட்டத்தட்ட 12 தடவ அந்த மேடு கல்ல தட்டும். 80 கிரிட்ல (கிரிட்னா டிஸ்க்குல இருக்கற பொடியோட அளவு, நம்பர் ஏற ஏற நைஸ்) கையில லேசா அதிர்வு வர்றதோட சரி, 3000 கிரிட்டுக்கு போனா கல்லு ஓரம் சில்லு சில்லா பேந்துக்கும்.

அடுத்தது தண்ணி. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற ட்யூப் செட்ட ஒரு பாட்டில்ல சொருகி உயரத்துல தொங்க விட்டிருக்கேன், இதவிட நல்ல ஐடியா நான் பாக்கல, அந்த சின்ன உருளைய நகத்துனா சொட்டு வேகம் அப்படியே கையில இருக்கு. தட்டுக்கு நடுவுல விழற மாதிரி வைங்க, சுத்தற வேகத்துல அதுவா ஓரத்துக்கு பரவிடும். கம்மியா விட்டா டிஸ்க் அடைச்சு கல்லு சூடாகும், ஓபல் மாதிரி சூடு தாங்காத கல்லுன்னா பட்டுன்னு விரிசல் விட்டுடும், அதிகமா விட்டா மூஞ்சி சட்டை எல்லாம் சகதி.

பேரிங்குக்குள்ள தண்ணி போறதுதான் வீட்டுல செய்ற மெஷின்கள சாகடிக்கற முதல் வியாதி. டப்புல ஷாஃப்ட் வர்ற ஓட்டைய சும்மா ஓட்டையா விடாம, நாலு விரல் உயரத்துக்கு ஒரு பிவிசி பைப் துண்ட நிக்க வெச்சு சிலிக்கான் போட்டு ஒட்டிடுங்க, தட்டுக்கு அடியில அதவிட அகலமான ஒரு மூடிய குப்புற மாட்டி பைப்ப மூடற மாதிரி விடுங்க, அப்புறம் தண்ணி உள்ள ஏற வழியே இல்ல. தண்ணியும் கரண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கற வேலை இது, அதனால கரண்ட் கசிஞ்சா லைன உடனே கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாத லைன்ல ப்ளக்க சொருகவே சொருகாதீங்க, எர்த்தும் மோட்டார் பாடிக்கு கண்டிப்பா போகணும்.

மோட்டார்னு வந்தா வாஷிங் மெஷின் இண்டக்‌ஷன் மோட்டாருக்குதான் என் ஓட்டு. சத்தமே இல்ல, மணிக்கணக்கா ஓடும். 50 ஹெர்ட்ஸ்ல 4 போல் மோட்டார் 1400 ஆர்பிஎம் பக்கம் சுத்தும், மோட்டார்ல 2 இன்ச் புல்லி, ஷாஃப்ட்ல 4 இன்ச் புல்லி போட்டா பாதியா கொறஞ்சு 700க்கு வந்துடும், அரைக்கறதுக்கு இது போதும். குறை என்னன்னா ஒரே வேகம்தான், பாலிஷுக்கு 300, 400னு இறக்கணும்னா புல்லி மாத்தணும். ஃபேன் ரெகுலேட்டர் போட்டு கொறைக்கலாமான்னு கேக்காதவங்களே இல்ல, வேணாம், கல்ல அழுத்துன உடனே நின்னுடும், மோட்டார் உள்ள இருக்கற கம்பிச் சுருளும் சூடாகும். ட்ரெட்மில் டிசி மோட்டார் வேகம் மாத்த வசதிதான், கண்ட்ரோலரோட வரும், ஆனா மெதுவா ஓட்டுனா அதோட ஃபேன் போதுமான காத்து தராது, உடம்பும் திறந்தே இருக்கும், தண்ணி தெறிக்காம தனியா பொட்டி கட்டி மூடணும். மிக்சி மோட்டார் பக்கம் தலை வெச்சுக்கூட படுக்காதீங்க, அது கொஞ்ச நேரம் ஓடி நிக்கறதுக்குன்னே செஞ்சது.

இப்ப டிஸ்க் கதைக்கு வருவோம், எனக்கு கடுப்பு இங்கதான். ஆன்லைன்ல 80லேருந்து 3000 வரைக்கும் செட்டா வர்ற எலக்ட்ரோபிளேட் டைமண்ட் டிஸ்க் வாங்கினேன். இதுல நிக்கல் பூச்சுல டைமண்ட் பொடி ஒரே ஒரு அடுக்குதான் ஒட்டியிருக்கும், அந்த அடுக்கு போச்சுன்னா டிஸ்க் போச்சு. செட்டுல 180ம் 600ம் உண்மையிலயே அருமை, குவார்ட்ஸ் வகை கல்லு எல்லாம் மோஸ் கணக்குல (கல்லோட கடினத்த 1லேருந்து 10 வரைக்கும் சொல்றது) 7 கிட்ட வர்ற கடினம், அதையே அசால்ட்டா திங்குது. 1200 சுமார். 3000 இருக்கே, அது வெறும் ஸ்டிக்கர் 3000, எங்கயோ ஒரு முரட்டுப் பொடி உள்ள கலந்திருக்கு, 1200ல நல்லா வந்த கல்ல இதுல வெச்சா வளைவா ஒத்தையா ஒரு ஆழமான கோடு, திரும்ப 600க்கு போகணும். வித்தவங்ககிட்ட கேட்டா பழகப் பழக சரியாயிடும்னு பதில் வந்துச்சு. புது டிஸ்க் முதல்ல முரடா இருக்கறது நெசம்தான், ஒரு வேஸ்ட் அகேட் துண்டுல தேய்ச்சு பழக்கணும், அத நானும் பண்ணேன், அந்தக் கோடு மட்டும் போகல. அதுக்கப்புறம் 1200க்கு மேல வெல்க்ரோல ஒட்டற ரெசின் டிஸ்க்குக்கு மாறிட்டேன். அதுல டைமண்ட் ஒரே அடுக்கா இல்லாம ரெசினோட கனம் முழுக்க கலந்திருக்கும், லேசா வளைஞ்சும் குடுக்கும், கீறல் தொல்லை இல்ல. ஒரே குறை, கல்லோட ஓரத்த கொஞ்சம் உருட்டிடும்.

கிரிட் மாத்தறப்போ ஒரு வேலை செய்ங்க, கல்லு முகத்துல பர்மனன்ட் மார்க்கரால குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டுட்டு தேய்ங்க, கோடு எங்க மிச்சம் இருக்கோ அங்க இன்னும் தட்டையாகல. அப்புறம் கல்ல துடைச்சு காய வெச்சு சாய்வான வெளிச்சத்துல பாருங்க, ஈரத்துல எல்லா கல்லும் பாலிஷ் ஆன மாதிரி நடிக்கும். ஒரே எடத்துல புடிச்சுகிட்டே நிக்காதீங்க, 8 இன்ச் தட்டோட ஓரம் ஒரு சுத்துக்கு 64 சென்டிமீட்டர் ஓடுது, நடுவுலேருந்து ஒரு இன்ச் தள்ளி வெறும் 16தான், அதனால பெரிய கல்ல திருப்பித் திருப்பி புடிக்கலன்னா வெளிப்பக்கம் மட்டும் அதிகமா தேஞ்சு சரிவாயிடும்.

கடைசி பாலிஷ் சீரியம் ஆக்சைடுங்கற பாலிஷ் பொடியில, கெட்டியான ஃபெல்ட் (கம்பளி மாதிரி அழுத்தின துணி) மேல. மோர் பதத்துக்கு கரைச்சு தடவி மெதுவான வேகத்துல ஓட்டுங்க, ஃபெல்ட் நல்லா ஈரமா இருக்கறப்போ ஒண்ணும் நடக்காது, கொஞ்சம் காய ஆரம்பிச்சு கல்ல கையிலேருந்து புடிங்கற மாதிரி இழுக்கும் பாருங்க, அந்த நேரத்துலதான் பளபளப்பு ஏறும், கூடவே சூடும் ஏறும், அதனால விட்டு விட்டு புடிக்கணும். ஒவ்வொரு கிரிட்டுக்கும் நடுவுல கை, கல்லு, டப் மூணையும் கழுவாம இந்த ஃபெல்ட்ட தொட்டீங்கன்னா ஒரே ஒரு 180 பொடி போதும் அத குப்பையில போட.

தூசு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேணாம். அகேட், குவார்ட்ஸ் எல்லாம் சிலிக்கா, அந்த நைஸ் தூசு நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ் வந்தா திரும்ப சரியாகாது. அதனால எப்பவும் தண்ணியோட மட்டும் ஓட்டுங்க, மாஸ்க்கும் போடுங்க, தெறிச்ச சகதிய காய விடாம ஈரத்துணியால துடைங்க, காஞ்சா அதுவே தூசு. டப்புல இருக்கற சகதிய சிங்க்ல ஊத்துனா பைப்ல சிமெண்டு மாதிரி இறுகிடும், பக்கெட்ல தெளிய விட்டு அடியில தங்கறத அள்ளி போடுங்க.

வட்ட முதுகு வெச்ச மோதிரக் கல்லு மட்டும் செய்யணும்னு நினைக்கறவங்களுக்கு இது சரிப்படாது, பண்ணலாம், ஆனா சக்கரம் வெச்ச மெஷின்ல பாதி நேரத்துல முடியும். தட்டையான ஸ்லாப், பாதியா அறுத்த கல்லு, இதுக்கெல்லாம் தாராளமா செய்ங்க. டிஸ்க் வாங்கறப்போ செட்டா வாங்காம 180, 600 எலக்ட்ரோபிளேட்ல, 1200, 3000 ரெசின்ல, அப்புறம் ஒரு ஃபெல்ட், இத மட்டும் எடுங்க. 80 கிரிட் அப்புறமா பாத்துக்கலாம், கல்லு ரொம்ப கரடா இருந்தாதான் அது வேணும்.