‘பை 4-க்குப் பொருந்தும்’ என்று விற்கும் கட்டைப் பெட்டிகள்: ஏமாறாதீர்கள்

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டுக்கான பெட்டி என்று சொல்லி, லெகோ மாதிரிக் கட்டைகளில் ஒரு கிட் ஆன்லைனில் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பை 3-க்கான பழைய வடிவம். ஸ்டிக்கர் மட்டும்தான் புதிது.

கண்டுபிடிப்பது சுலபம். பை 3-இல் ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்), ஜிபிஐஓ பின்களுக்கு (போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் உலோகக் கம்பிகள்) எதிர்ப்பக்க மூலையில் இருக்கும். பை 4-இல் அது பின்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டது. பை 5-இல் மறுபடி பழைய மூலைக்கே போய்விட்டது. ஆகவே, ஒரே பெட்டி ‘எல்லா மாடலுக்கும்’ என்று போட்டிருந்தால் அதுவே பொய். இந்தக் கிட்டில், திரையை இணைக்கும் எச்.டி.எம்.ஐ.க்கு ஒரே ஒரு பெரிய ஓட்டைதான். பை 4-இல் இருப்பதோ இரண்டு மைக்ரோ எச்.டி.எம்.ஐ.

அளவிலும் கோளாறு. கட்டையின் குமிழ்கள் 8 மி.மீ. இடைவெளியில் இருக்கும். கிட்டின் உள் அகலம் 7 குமிழ், அதாவது 56 மி.மீ.; போர்டின் அகலமும் அதே 56. பக்கவாட்டு கனெக்டர்கள் போர்டு விளிம்பைத் தாண்டி நீண்டிருப்பதால் அழுத்தித்தான் திணிக்க வேண்டும், போர்டு வளையும். உயரமோ இரண்டு அடுக்கு, 19.2 மி.மீ. அடியில் சால்டர் முனைகளுக்கு இடம் விட ஒரு பிளேட் (தட்டைக் கட்டை) 3.2, போர்டு 1.4, மேலே யு.எஸ்.பி. அடுக்கு 16 என்று கூட்டினாலே 20.6 வந்துவிடுகிறது. மூடி எப்படி உட்காரும்?

சார்ஜர் பின் விஷயம் இன்னும் மோசம். சுவரின் தடிமன் 8 மி.மீ.; ஓட்டை போர்ட் அளவுக்கே இருப்பதால் டைப்-சி பின்னின் பிளாஸ்டிக் உடல் வெளியிலேயே தட்டி நின்றுவிடும், சார்ஜர் முழுசாக உள்ளே இறங்காது. குறைந்தது இரண்டு குமிழ் அகலம், ஒரு முழுக் கட்டை உயரம் திறந்திருக்க வேண்டும்.

மூடியில் ஒரு காற்றுத் துளைகூட இல்லை. பிராசஸரின் சூடு 80 டிகிரியைத் தொட்டதும் பை 4 தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ‘போர்டு ஸ்லோ’ என்று போர்டைத் திட்டுவோம்.

கையில் கட்டைகள் இருந்தால் நீங்களே கட்டிவிடலாம்: உள்ளே 11 × 8 குமிழ், வெளியே 13 × 10, மூன்று அடுக்கு, பிராசஸருக்கு மேலே மூடியைத் திறந்தே விடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ‘கட்டைகளைக் கோத்துப் பார்த்துவிட்டால் ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸ்கேல் வைத்து எடுத்த படம் இரண்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.