அம்மாவின் துணியில் தைத்த போர்வை: ஐந்து வருடம் போர்த்திய பிறகு

அம்மா 2019இல் தவறினார். துணிகளை என்ன செய்வதென்று வீட்டில் பேச்சு வந்தபோது, பதினாறாம் நாள் காரியத்தோடு எல்லாவற்றையும் எரித்துவிடச் சொன்னார் பெரியம்மா. நல்லதாகப் பார்த்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. நான் எதுவும் பேசாமல் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துவைத்துக்கொண்டேன். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோதுதான் அதைத் திறந்தேன்.

நாங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டதும் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்துகொண்டு டவுனுக்கு வந்துவிட்டோம். அம்மாவோ பால்வெட்டுக்குப் போட்ட சட்டையைக்கூடக் கூடவே கொண்டுவந்திருக்கிறார். அலமாரியில் மூன்று பட்டு, பத்துப் பன்னிரண்டு வாயில் சேலை, சில நைலக்ஸ், ஆறு பாத்தேக் கைலி, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் முழுக்கைச் சட்டை இரண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கொசுவுக்கும் பால்கறைக்கும் பயந்து பெண்கள் கைலிக்கு மேல் ஆம்பளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். அந்தச் சட்டையின் வலது தோளில், பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பு அழுத்தி அழுத்தித் துணி வலை மாதிரி ஆகி, அதன்மேல் அம்மாவே கையால் ஒரு சதுரம் ஒட்டுப்போட்டிருந்தார். நூல் வேறு நிறம். கிடைத்த நூலில் தைத்திருப்பார்.

டவுனில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். போர்வை தைத்துப் பழக்கமில்லை என்று தயங்கினார், அப்புறம் தீபாவளி வேலை முடியட்டும் என்றார். கூலி 350 வெள்ளி (ரிங்கிட்), அடித்துணிக்கும் உள்ளே வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சுக்கும் 80 வெள்ளி தனி. ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்குப் பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினான்கு, ஆக 168 துண்டு. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு சேலையிலேயே கிட்டத்தட்ட 200 துண்டு வரும்! இது தெரியாமல் ஆறு சேலையில் கத்தரி வைத்துவிட்டு, மிச்சத்தை மூட்டையாகக் கட்டி இன்னும் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சேலையிலும் முந்தானையிலிருந்து ஒரு முழம் எடுத்தாலே போதும், மீதியை முழுசாக மடித்து வைக்கலாம். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் நான் செய்யவில்லை.

சட்டையில்தான் அக்காவுக்குத் தலைவலி. காய்ந்த ரப்பர் பாலில் ஊசி பிடித்துக்கொண்டு நூல் விட்டுவிட்டு ஓடியது, இரண்டு ஊசி உடைந்தது. "இந்தக் கறை இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுட்டு நல்ல இடமா வெட்டிக்கலாமே தங்கச்சி" என்றார். கறைக்காகத்தானே அக்கா தைக்கச் சொன்னேன் என்றேன். குழந்தைப் பவுடரைத் தடவித் தைத்து ஒருவழியாகச் சமாளித்தார். கறை மேல் இஸ்திரிப்பெட்டியை நேராக வைத்துவிடாதீர்கள், இளகி அடியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் கேக் சுடும் தாளைப் போட்டுத் தேய்க்க வேண்டும். தோளில் இருந்த ஒட்டை அப்படியே ஒரு சதுரமாக எடுத்து நடுவில் வைத்தோம்.

சரி, எது நின்றது, எது போனது என்று கேட்டால், பாத்தேக் கைலிக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. நூறு தடவை துவைத்த துணி, இனி சுருங்கவும் சாயம் விடவும் அதில் என்ன இருக்கிறது? வாயில் சேலைத் துண்டுகள் இரண்டாம் வருடமே தையலோரமாகக் கிழிந்தன. பக்கத்தில் கனமான சட்டைத் துணி இருந்தால், இழுவை முழுவதும் மெல்லிய பழைய துணி மேல் விழுகிறது. முதலிலேயே பின்பக்கம், இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸ் கொடுத்திருந்தால் தாங்கியிருக்கும். கிழிந்த இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்துக் கேன்வாஸ் வைத்துத் திரும்பத் தைக்க இன்னொரு 120 வெள்ளி ஆனது. அம்மா அதிகம் கட்டாத ஒரு சிவப்புச் சேலை முதல் துவையலில் சாயம் விட்டு, சுற்றியிருந்த நான்கு வெள்ளைத் துண்டுகளையும் ரோஸாக்கியது. தைப்பதற்கு முன்பே எல்லாத் துணியையும் தனித்தனியாக ஊறவைத்துப் பார்த்துவிடுங்கள்.

பட்டில் ஒன்றை வெட்டினேன், வெட்டியிருக்கவே கூடாது. ஜரிகை கழுத்தில் உரசுகிறது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் இழை இழையாக விட்டுப்போகிறது. அதைவிட, அந்தப் பட்டில் அம்மாவைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை, இரண்டு கல்யாணத்துக்குக் கட்டியிருப்பார். கைலியும் சட்டையும்தான் தினசரி அம்மா. யாராவது என்னிடம் கேட்டால், நல்ல துணியை விட்டுவிட்டு வீட்டில் கட்டியதை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றாம் வருடம், நான் ஊரில் இல்லாத நேரம், தம்பி நல்லெண்ணத்தில் இதை டோபிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சூட்டு டிரையரில் போட்டுவிட்டான். நைலக்ஸ் துண்டுகள் அப்பளம் மாதிரி சுருண்டு, பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்து இழுத்துவிட்டன. கடையைக் குறை சொல்ல முடியாது, காசு போட்டால் மெஷின் ஓடும். நைலக்ஸ் முழுவதையும் எடுத்துவிட்டுக் கட்டிலுக்கடி மூட்டையிலிருந்து வாயில் வைத்துச் சரிசெய்தோம். மூட்டைக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது. இப்போது பச்சைத் தண்ணீர், கைத்துவையல், நிழலில் காயப்போடுவது. மாதம் ஒரு தடவைக்கு மேல் துவைப்பதில்லை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் நம்மூர் ஈரத்துக்குப் பூசணம் வந்துவிடும், பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைக்கலாம்.

வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதற்காகத்தான் துணியை வைத்திருக்கிறார்கள். துவைத்ததும் போய்விடும். அது தெரிந்துதான் அம்மா தலையில் கட்டும் துண்டை மட்டும் துவைக்காமல் ஜிப் பையில் போட்டு வைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது பையின் வாசனைதான் வந்தது. கொஞ்ச நேரம் மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் துவைத்துப் போட்டேன்.

"செத்தவ துணியைப் போர்த்திக்கிட்டு எப்பிடிடி தூக்கம் வருது உனக்கு?" என்று பெரியம்மா ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். போன தைப்பூசத்துக்கு வந்து தங்கியபோது ராத்திரி குளிர்கிறது என்று அவரே எடுத்துப் போர்த்திக்கொண்டார். காலையில் நடுவில் இருந்த தோள்பட்டைச் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இந்தத் தையல் எங்கம்மா சொல்லிக் குடுத்தது, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம்" என்றார். ஐந்து வருடத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அது.

இப்போதைய பிரச்சினை பால்கறை. முதல் இரண்டு வருடம் வெயில் நாளில் பிசுபிசுப்பாக இருந்தது, இப்போது காய்ந்து வெடித்து, உதறினால் பழுப்புப் பொடியாக மெத்தையில் உதிர்கிறது. ரப்பர் வயதானால் அப்படித்தான். மேலே மெல்லிய வலைத்துணி வைத்துச் சுற்றித் தைத்தால் உதிராது என்கிறார் தையல்கார அக்கா. தொட்டால் வலைதானே கையில் படும் என்று இரண்டு மாதமாகக் கொடுக்காமல் இருக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.