குழந்தைக்காக எடை குறைக்கிறவங்க நம்பிப் போகலாம் – கணபதி ஜிம், கோவை

கருத்தரிப்பு மையம் ஒண்ணுல விந்து பரிசோதனை பார்க்கிறது என் வேலை. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதும், ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு "எந்த ஜிம்முக்குங்க போறது?"ன்னு கேட்கிறவங்களுக்கு நான் கைகாட்டுற இடம் இதுதான். நானும் இங்கதான் போறேன்.

புதுசா யார் வந்தாலும் மாஸ்டர் தனியா கூட்டிட்டுப் போய், "ஏனுங்ணா, குழந்தைக்குப் பார்த்துட்டு இருக்கீங்களா?"ன்னு மெதுவா கேட்பார். ஆமான்னா ஸ்டீம் ரூம் பக்கமே விடமாட்டார். விரைகளுக்குச் சூடு ஆகாது. உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவா இருந்தாத்தான் விந்தணு ஒழுங்கா உருவாகும். அப்புறம் டெய்லர் டேப்பால தொப்பையை அளந்து நோட்டுல குறிச்சுக்குவார். எடை மெஷின் அதுக்கப்புறம்தான். ஏன்னா கொழுப்புத் திசுவுல இருக்கிற அரோமட்டேஸ்ங்கிற என்சைம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனா மாத்திடும். ஈஸ்ட்ரோஜன் கூடுனா விரைகளை வேலை வாங்குற மூளையோட சிக்னல் மங்கிடும்.

முன்னால நான் போன வேறொரு ஜிம்முல, பருமனா இருந்த ஒரு பையனை டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கச் சொன்னாங்க. எனக்குப் பதறிப்போச்சு. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் உள்ளே போனா விரைகளை வேலை வாங்க மூளையடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்கள் சுரக்கிறது அடங்கிடும். விந்தணு பூஜ்யத்துக்கே இறங்கலாம். அப்படிப்பட்ட ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நகர்த்தி, ஒரு வால் கூட கண்ணுல படலைன்னா, வெளியே உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு இருக்கும்.

இங்க ஊசி கிடையாது, பவுடர் டப்பாவும் கிடையாது. ஸ்குவாட், டெட்லிஃப்ட், வேக நடை. வேலை செய்ற தசை தானே ஹார்மோன் சுரக்கும். அதுல ஐரிசின்னு ஒண்ணை 2012ல ஹார்வர்டு விஞ்ஞானி புரூஸ் ஸ்பீகல்மேன் குழு அறிவிச்சது. பருமனால கெட்ட விந்தணுவை அது சீராக்குமான்னு எலிகள்ல பார்க்கிறாங்க. மனுஷங்களுக்கு இன்னும் நிரூபணமாகல. எடை குறைஞ்சா பலன் உண்டுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. 2022ல வெளியான டென்மார்க் ஆய்வுல, 8 வாரக் கடும் டயட்டுல சராசரியா 16.5 கிலோ குறைச்சவங்களுக்கு விந்தணுச் செறிவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காச்சு. எடையை ஒரு வருஷம் ஏறவிடாம வச்சிருந்தவங்களுக்கு அந்தப் பலனும் நிலைச்சுது.

மூணு மாசம் ஆகாம மறு டெஸ்டுக்குப் போக வேண்டாம்னு மாஸ்டர் சொல்றது ரொம்பச் சரி. ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல ஆகும். பத்து நாள் ஓடிட்டு வந்து, எண்ணிக்கை ஏறலையேன்னு கண்கலங்குறவங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

மாசம் 1,200 ரூபாய், அட்மிஷன் ஃபீஸ் தனியா இல்ல. குறைன்னா மாடிப்படிதான். செங்குத்தா இருக்கு, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். நூத்திப்பத்து கிலோவோட முதல் நாள் வர்றவங்க மூட்டு தாங்காது. கீழே காலியா கிடக்கிற ஷெட்டுல ஒரு சைக்கிளும் ரெண்டு பெஞ்சும் போட்டுக் கொடுங்க மாஸ்டர்.