கொடிமலைக்குப் பூட்ஸ் வேண்டுமா, தாழ்வான சப்பாத்து போதுமா?

பினாங்கில் மலையேறுபவர்களின் காலில் பெரும்பாலும் மூன்று வகைதான். கணுக்காலை மூடும் நீர்புகா பூட்ஸ், வலைத்துணி வைத்த தாழ்வான டிரெயில் சப்பாத்து, அப்புறம் நம் 'அடிடாஸ் கம்போங்' என்கிற ரப்பர் சப்பாத்து. முதல் இரண்டையும் வாங்கிப் போட்டுவிட்டு டிரெயில் சப்பாத்தோடு நின்றுவிட்டவன் நான். பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால் வியப்பில்லை.

பூட்ஸ் கனம், விலையும் அதிகம். டிரெயில் சப்பாத்து இலேசு, சீக்கிரம் தேயும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். வழுக்கலிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொடிமலைக்கு ஏறும் மூன்கேட் பாதையின் ஈரப் படிகளிலும் வேர்களிலும் காப்பாற்றுவது அடியிலுள்ள ரப்பர்தான்; கணுக்கால் உயரத்துக்கு அதில் வேலையில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது நம் ஊர் ஈரம். தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சூட் கடற்கரைக்குப் போகும் வழியில் மழை பிடித்தால் தண்ணீர் காலில் வழிந்து பூட்ஸுக்குள் மேலிருந்து இறங்கும். வெளித் தண்ணீரைத் தடுக்கும் அதே சவ்வு, உள்ளே போனதையும் வெளியே விடாது. மழையே இல்லாவிட்டாலும் வியர்வை போதும், காலுறையைப் பிழியலாம். வலைத்துணியில் தண்ணீர் உடனே புகும், நடக்க நடக்க வெளியேறியும் விடும். வீட்டில் நாளிதழைக் கசக்கித் திணித்து காற்றாடி முன் வைத்தால் மறுநாள் காலை ஏறக்குறைய காய்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், போடாமல் வைத்திருக்கும்போது வருவது. பல பூட்ஸ்களின் நடு அடிப்பகுதி, அதாவது அடி ரப்பருக்கு மேலுள்ள மெத்தை, பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெளியே தோல் புதிதுபோல மின்னும். சில வருடம் அலமாரியில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போனால், பாதி வழியில் மீலோவில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து அடி தனியாகக் கழன்று வரும். சப்பாத்து தைப்பவரிடம் கொண்டுபோயும் பயனில்லை, ஊசி பிடிக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது. மலிவு விற்பனையில் கிடைக்கும் பூட்ஸில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தச் சிதைவு செய்த நாளிலிருந்தே தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. சப்பாத்து நாக்கின் உட்புற அட்டையில் தயாரித்த மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெயில் சப்பாத்துகளில் பெரும்பாலும் இருக்கும் ஈவிஏ நுரை நாளடைவில் அமுங்கும், ஆனால் இப்படி உதிராது.

அளவு விஷயம் இரண்டுக்கும் ஒன்றே. மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் காலுறையையே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் தூக்கக்கூடாது. கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் சாலை ஏறும்போது எந்தச் சப்பாத்தும் சரியாகத்தான் தோன்றும். இறங்கும்போதுதான் நகம் முன்னால் போய் முட்டும். 'வாங்கிட்டுப் போங்க அண்ணே, போடப் போட இளகிடும்' என்று சொன்னால் நம்பாதீர்கள். தோல் கொஞ்சம் இளகும், நீளம் கூடாது.

பூட்ஸுக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். கனமான பையோடு தஹான் மலைக்குப் பல நாள் பயணம் போனதில்லை, அங்கே நிலைமை வேறாக இருக்கலாம். கணுக்கால் ஏற்கெனவே பிசகியவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு எந்தச் சப்பாத்தும் தடையில்லை, அதற்கென்று விற்கும் நீளக் காலுறைதான் வழி.

அடிடாஸ் கம்போங்? பால்மரம் வெட்டுபவர்கள் போட்டு நடந்த ஒரே வார்ப்பு ரப்பர் சப்பாத்து. சேற்றில் அதன் முள் அடி நன்றாகப் பிடிக்கும், குழாயடியில் கழுவினால் வேலை முடிந்தது, விலையும் கொஞ்சந்தான். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது. ஜீப் சாலைத் தாரில் அதோடு இறங்க என் முழங்கால் சம்மதிக்காது. சேற்றுப் பாதை மட்டும் போகிறவர்கள் இதை வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே பூட்ஸ் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். நடு அடியைக் கட்டை விரலால் அழுத்தி, முன்பாதியை மடக்கிப் பாருங்கள். பிளவோ பிசுபிசுப்போ தெரிந்தால் மலைக்கு வேண்டாம். தெரியாவிட்டால் அடிக்கடி போட்டு நடங்கள், காரின் பின்பெட்டிச் சூட்டில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.