மார்ச் கடைசிப் பவுடருக்கு எது: ஸ்கீபோர்டா, நீள ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்பவர்கள் கேட்கட்டும். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரிலிருந்தும் பனிச்சறுக்க ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குக் கிளம்புகிற கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள், மீதிப் பேர் ஈப்போவில். ஜப்பானுக்கு மலேசியக்காரர்களான நமக்கு விசா தொல்லை இல்லை, யென்னும் விழுந்து கிடக்கிறது. ஜனவரி விலை கட்டுப்படியாகாதவர்கள் மார்ச் கடைசியில் போகிறார்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, குட்டை ஸ்கீ வாங்கிட்டா லக்கேஜும் மிச்சம், கத்துக்கவும் லேசு. அப்புறம் ஏன் ஆளாளுக்கு நீளத்தைத் தூக்கிட்டு அலையறாங்க?"

நியாயமான கேள்விதான். ஜனவரிக்கு ஒரு பதில், மார்ச் கடைசிக்கு வேறு பதில். ஜனவரியில் போகிறவன் அகலமான நீள ஸ்கீயை எடுக்கட்டும், பேச்சே இல்லை. மார்ச் கடைசிக்கு என் ஓட்டு தம்பி சொன்ன அந்தக் குட்டை ஸ்கீ ஜோடிக்கு, அதாவது ஸ்கீபோர்டுக்கு. ஆனால் எல்லா ஸ்கீபோர்டுக்கும் இல்லை.

முதலில் அந்த மாதப் பனி எப்படி இருக்கும் என்று பார்க்கணும். ஹொக்கைடோவின் பனிச்சறுக்கு ஊரான நிசேக்கோ ஏறக்குறைய 43 பாகை வடக்கில் இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் 25 பாகை உயரத்தில்கூட நிற்காது. மார்ச் கடைசியில் அது 50 பாகைக்கு ஏறிவிடும். இரவு 15 செ.மீ. புதுப்பனி விழுந்தாலும் தெற்கு பார்த்த சரிவில் பத்து மணிக்குள் மேல்பரப்பு ஈரமாகிவிடும், மறுநாள் காலையில் அதுவே கண்ணாடி ஓடு போல இறுகிக் கிடக்கும். வடக்கு பார்த்த சரிவிலும் மர நிழலிலும்தான் பவுடர், அதாவது இறுகாத புதுப்பனி, மதியம்வரை தாங்கும். அதற்குக் கீழேயும் பஞ்சு மெத்தை கிடையாது, முந்தின நாள் உருகி இரவில் உறைந்த கெட்டித்தரை இருக்கும். ஆக உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரப் பவுடர், அப்புறம் ஆளாளுக்கு உழுதுபோட்ட கட்டிமுட்டி, மதியத்துக்கு மேல் சொதசொத பனி. எந்தப் பலகையாக இருந்தாலும் இந்த முழு நாளுக்கும் சேர்த்துத்தான் எடைபோடணும். காலை இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்து வாங்கினால், மீதி நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பவுடரில் புதையாமல் மிதக்கிற கணக்கைப் பார்ப்போம், பரப்பு கூடினால் மிதப்பும் கூடும். பலகையின் வளைவையெல்லாம் விட்டுவிட்டு நீளத்தைச் சராசரி அகலத்தால் பெருக்கிப் பாருங்கள். 180 செ.மீ. பவுடர் ஸ்கீ, சராசரி அகலம் 12.5 செ.மீ. என்றால் ஜோடிக்கு 4,500 சதுர செ.மீ. வருகிறது. 158 செ.மீ. ஸ்னோபோர்டு, இரண்டு காலும் ஏறுகிற ஒற்றைப் பலகையாகவே, 4,400-ஐத் தொடுகிறது. 90 செ.மீ. சாதா ஸ்கீபோர்டு, 10 செ.மீ. அகலம், ஜோடிக்கு வெறும் 1,800. பாதிகூட இல்லை! முழங்கால் ஆழப் பவுடரில் இதை மாட்டிக்கொண்டு இறங்கினால் முனை உள்ளே போகும், ஆள் தலைகுப்புற விழுவான். முன்னால் தாங்குவதற்கு நீளமே இல்லாததால் பின்பக்கம் சாய்ந்தே ஓட்டணும், தொடை எரியும். மழைக்கு அப்புறம் தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் புதைகிறபோது பின்னால் சாய்வோமே, கிட்டத்தட்ட அந்தச் சங்கடம்தான், நாள் முழுக்க.

ஆனால் அகல ஸ்கீபோர்டு வேறு சாதி. 110 செ.மீ. நீளம், சராசரி 14 செ.மீ. அகலம் என்று வைத்தால் ஜோடிக்கு 3,000-ஐத் தாண்டுகிறது. நீள ஸ்கீயில் மூன்றில் இரண்டு பங்கு. மார்ச் கடைசியின் 15 செ.மீ. பவுடருக்கு இது தாராளம். மிதப்பதற்குப் போதுமான பரப்பும் இருக்கிறது, திருப்புவதற்கு வேண்டிய குட்டைத்தனமும் இருக்கிறது. நிசேக்கோவில் பூர்ச்ச (பிர்ச்) மரங்களுக்கு நடுவே நுழைகிறபோது இதன் அருமை தெரியும்: நீள ஸ்கீக்காரர் இடம் தேடி நின்று யோசிக்கிற இடத்தில், நீங்கள் முழங்காலை லேசாக மடக்கினாலே பலகை திரும்பிவிடும். பவுடர் மிஞ்சிக் கிடப்பதும் அந்த மர நிழலில்தானே. மதியச் சொதசொதப்பில் சின்ன மேடுகள் குவிந்த பிறகு குட்டைப் பலகைக்குக் கொண்டாட்டம், நீள ஸ்கீக்காரருக்கு முழங்கால் வலி.

வேகத்தில் தோற்கும், அதையும் சொல்லிவிடணும். கெட்டித்தரையில் நேராக விட்டால் ஸ்கீபோர்டு நடுங்கும். கட்டிமுட்டியில் சின்ன இடிகூடத் திசையை மாற்றிவிடும். வேகம்தான் சுகம் என்கிறவர்கள் நீள ஸ்கீக்கே போய்விடலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஸ்னோபோர்டைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. மிதப்பதில் ராஜா. ஆனால் பனியையே பார்க்காத ஊரிலிருந்து ஒரு வாரத்துக்குப் போகிறவன், அதில் முதல் சில நாளை மணிக்கட்டிலும் பிட்டத்திலும் விழுந்தே கழிப்பான். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நல்ல தேர்வுதான்.

சரி, குட்டைப் பலகை இவ்வளவு நல்லது என்றால் கடைகளில் ஏன் அதிகம் இல்லை? ஒரு காலத்தில் இருந்தது. 1990களில் ஆஸ்திரியாவின் க்னைஸ்ல் நிறுவனம் கால்விரல் வடிவ முனையோடு பிக்ஃபுட் என்று விற்றது, அமெரிக்காவில் ஜேசன் லெவின்தால் 1995-இல் லைன் நிறுவனத்தைத் தொடங்கியதே ஸ்கீபோர்டு செய்யத்தான், சாலமன் ஸ்னோபிளேடு ஊரெல்லாம் ஓடியது. குளிர்கால எக்ஸ் கேம்ஸ் என்கிற சாகச விளையாட்டுப் போட்டியில் 1998 முதல் 2000 வரை ஸ்கீபோர்டு போட்டியே நடந்தது. அப்புறம் இருமுனையும் வளைந்த நீள ஸ்கீ வந்து, வித்தை காட்டுகிற இளசுகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அகல ஸ்கீபோர்டு செய்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சின்ன நிறுவனங்கள்தான்.

இப்போது நான் விட்டுக்கொடுக்காத இடத்துக்கு வருகிறேன். பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பிடி. நீள ஸ்கீயின் பைண்டிங், விழுந்து கால் முறுக்கினால் பூட்ஸை விட்டுவிடும். பழைய ஸ்கீபோர்டுகளில் பெரும்பாலும் விடாத பைண்டிங்தான். பலகை குட்டையாக இருப்பதால் முழங்கால் தசைநாருக்கு இழுப்பு குறைவு, உண்மைதான். ஆனால் முறுக்கு எங்கேயாவது போகணுமே, அது கணுக்காலுக்கு மேலே எலும்பில் இறங்குகிறது. ஸ்கீபோர்டுக்காரர்களுக்குக் கீழ்க்கால் எலும்பு முறிவு அதிகம் என்பது மலை மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. ஈரப்பனி திடீரென்று பலகையைப் பிடித்து நிறுத்துகிற மார்ச் மதியத்தில் இது இன்னும் மோசம்.

ஜப்பானில் வாடகைக்குக் கேட்டால் 'ஃபன் ஸ்கீ' என்று 90, 99 செ.மீ. பலகையைக் கொண்டுவந்து வைப்பார்கள். கையில் வாங்கிக் குதிகால் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எண் போட்ட சின்னச் சாளரமும், பக்கத்தில் இரண்டு பிரேக் முள்ளும் இருந்தால் விடுகிற வகை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் கேட்டு அந்த எண்ணை வைப்பார்கள். வெறும் கம்பி வளையமும் நெம்பித் தூக்குகிற பிடியும், காலில் கட்ட ஒரு கயிறும் இருந்தால் விடாத வகை. பிரேக் இல்லாததால்தான் அந்தக் கயிறு. விடாத வகை மட்டும்தான் இருக்கிறது என்றால் 160 செ.மீ. சாதா ஸ்கீயை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், பவுடர் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

ஊன்றுகோல் இல்லாமல் ஓட்டுவது ஸ்கீபோர்டின் சுகம் என்பார்கள். சமதளம் வரும்வரைதான் அந்தச் சுகம்! அப்போது ஸ்கேட் செய்கிற மாதிரி உதைத்து உதைத்துப் போகணும், ஸ்னோபோர்டுக்காரன் ஒரு காலைக் கழற்றித் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு ஜோடிக் குட்டை ஊன்றுகோலைப் பையில் போட்டுக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தம்பி கேட்ட லக்கேஜ் விஷயம். சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, விமான நிலையம் போகிறவரை 180 செ.மீ. பையோடு படுகிற பாடு இருக்கிறதே, வாசலில் இடிக்கும், இருக்கைக்கு நடுவே திரும்பாது, கூட வருகிற அக்காமார் முறைப்பார்கள். 110 செ.மீ. பலகை நீளமான டஃபிள் பையில் சத்தமில்லாமல் வந்துவிடும். சொந்தமாகப் பலகை வாங்கினால் பூட்ஸையும் சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். பைண்டிங்கை அந்த பூட்ஸின் அடிநீளத்துக்குத்தான் சரிசெய்திருப்பார்கள், அங்கே போய் வாடகை பூட்ஸை மாட்டினால் கடைக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்கணும், காலைப் பவுடர் நேரம் அந்தக் கவுண்டரிலேயே போய்விடும்.