வன்னி ஒழுங்கையில் ஒரு செடான்

அக்காவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகர்க் கம்பசில் பொறியியல் முடித்து, வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சம்பளம் வரத் தொடங்கிய கையோடு கேள்வியும் வந்தது: "மாமா, அலியனா, சில்பியா, அக்ஸியோ ஹைபிரிட்டா? எந்தக் காரை எடுக்க?" போனில் நாலு வரி எழுதி அனுப்பப் பார்த்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லி வைக்கிறேன்: நேற்றுத்தான் என் காரைக் கராஜிலிருந்து எடுத்து வந்தேன். மனநிலை அவ்வளவு திறமில்லை.

என்னிடம் நிற்பதும் 1500 சீசீ ஜப்பான் செடான், ஓட்டோ கியர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கார்க் கட்சிக்காரர் சண்டைக்கு வருவார்கள், எதிர்க்கட்சி கைதட்டும், சொல்ல வந்த விஷயம் அடிபட்டுப் போகும். வெளிநாட்டில் நடுத்தர செடான் என்றால் கேம்ரி, அக்கோர்ட் அளவு வண்டிகள். இங்கே எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடுவதால் நமக்கு அலியனும் பிரிமியோவும் சில்பியுமே பெரிய கார்.

நல்லதை முதலில் சொல்கிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஏ9 வீதியில் இந்தக் காருக்கு ஒரு குறையும் இல்லை. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு சுமார் 80 கிலோமீற்றர். எழுபதுக்குள் வைத்துக்கொண்டு போனால் (மாங்குளத்திலோ ஓமந்தையிலோ மரத்தடியில் பொலிஸ் நிற்கும், அதனால் எழுபதுதான்) எஞ்சின் சத்தமே கேளாது. சித்திரை வெயிலில் கனகராயன்குளம் தாண்டும்போதும் ஏசி உள்ளே குளிராக்கி வைத்திருக்கும். அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகும் நாளில் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவார், வவுனியா வந்த பிறகுதான் எழுப்ப வேண்டும். டிக்கிக்குள் இரண்டு மூட்டை நெல்லை வைத்துவிட்டு மேலே ஒரு வாழைக்குலையும் வைக்கலாம்.

சரி. இனி அண்டர் கவர்.

எஞ்சினுக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். சேறும் கல்லும் மேலே அடிக்காமல் தடுப்பது அதன் வேலை. விரல் நுனி அளவு பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஜப்பானின் தார் வீதிக்கு அது போதும். என் வீடு உடையார்கட்டில், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற கிரவல் ஒழுங்கையில். அந்த ஒழுங்கையால் உழவு மெசினும் டிப்பரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் சில்லுத் தடம் பள்ளமாகிவிட்டது. நடுவில் புல்லும் கல்லுமாக ஒரு திட்டு எழும்பி நிற்கிறது. அந்தப் பள்ளத்தில் காரை இறக்கினால் நடுத்திட்டு நேரே அண்டர் கவரில் உரசும். அதனால் ஒரு பக்கச் சில்லைத் திட்டிலும் மற்றதை வேலியோரத்திலும் ஏற்றி, காரைச் சரித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் 'கறக்' என்று கேட்கும்.

கிளிப் உடைந்தது, புதுக் கிளிப் போட்டோம். அதுவும் உடைந்தது, ஆணியும் வாசரும் போட்டோம். ஆணி உறுதியாக நின்றது, கவர் கிழிந்தது. கிழிந்த இடத்தைக் கேபிள் டையால் தைத்தோம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிட்டு ஒரு மாரிக்கு ஓடிப் பார்த்தேன். சேற்றுத் தண்ணீர் நேரே பெல்ட்டில் அடித்து, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஊரே எழும்புகிற கீச்சுச் சத்தம். மறுபடி கவர். புதுசு எங்கே எடுக்கிறது? கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் கழற்றிய கவர் ஒன்று எடுத்து, இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் அதிலும் மூலை உடைந்திருந்தது. அங்கேயும் யாரோ ஒருவரின் ஒழுங்கை போலும்.

போன கிழமை முறிகண்டியில் அது முன்பக்கம் கழன்று தார் வீதியில் இழுபட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடலை விற்கிற அம்மா ஒருவர் நூல் கயிறு தந்தார். கயிற்றால் கட்டித்தான் கிளிநொச்சிக் கராஜ் வரை வந்தேன். அங்கே இந்த முறை அலுமினியத் தகடு வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். உரசினால் கிழியாதாம், நல்லது. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்மில் கலகலவென்று அதிர்கிறது. ஒயில் மாற்றுகிற நேரமெல்லாம் முழுத் தகட்டையும் கழற்ற வேண்டும், அதற்குத் தனிக் கூலி. எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாத காருக்கு நான் செலவழிக்கிற காசில் பாதி இந்தத் தட்டுக்குத்தான் போகிறது என்று தோன்றுகிறது. கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் இன்னும் கோபம் வரும்.

ஆகவே தம்பி, நீ அனுப்பிய படங்களில் எனக்கு அலோய் வீலும் ரிவேர்ஸ் கமராவும் தெரியவில்லை. அடிப்பாகம்தான் தெரிகிறது.

அலியன் 240, சில்பி ஜி11 (எண்கள் மொடலைக் குறிக்கும்) இரண்டுக்கும் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2700 மில்லிமீற்றர். பின் சீட்டில் காலுக்கு இடம் தாராளமாகக் கிடைப்பது அதனால்தான். மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டுவதும் அதனால்தான், அதுவும் கூட்டாளிமார் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் கட்டாயம் தட்டும். கொரோலா 121, அக்ஸியோ இரண்டுக்கும் அது 2600. பின்னால் கொஞ்சம் நெருக்கம், மதகில் கொஞ்சம் நிம்மதி. யாருமே இதைக் கேட்டு வாங்குவதில்லை.

எஞ்சின் என்று பார்த்தால் 1500 அலியனுக்கு முதலிடம். அதில் இருக்கிற 1என்இசட் எஞ்சின்தான் கொரோலா 121 இலும், பழைய பெற்றோல் அக்ஸியோவிலும், புரொபொக்ஸிலும். டைமிங் பெல்ட் இல்லை, செயின். நாட்டில் எந்தக் கராஜ் பெடியனும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான், சாமானும் கிடைக்கும். 2021 இல் டொயோட்டா அலியன் தயாரிப்பை நிறுத்திவிட்டது, ஆனால் அந்த எஞ்சின் ஓடுகிற வண்டிகள் இங்கே ஏராளம். சில்பியின் 1500 எஞ்சினும் மோசமில்லை, விலையும் அலியனை விடக் குறைவாகக் கேட்பார்கள். விற்கப் போகும்போது அதே குறைவு உனக்கும் வரும்.

பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் மேல் உனக்கு ஏன் ஆசை என்று தெரியும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றவன் நீ. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா வரை போன காலம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அக்ஸியோ ஹைபிரிட்டில் பின் சீட்டோரம் ஒரு துவாரம் இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? பற்றரியைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகிறது. நம்முடைய கிரவல் புழுதியும் அதே வழியாகத்தான் போகும். அடிக்கடி துப்பரவாக்காவிட்டால் பற்றரி சூடேறும், பற்றரிக்கு விலை கேட்டால் உனக்கும் சூடேறும். தினமும் தார் வீதியில் மட்டும் ஓடுகிறவனுக்குச் சரி. ஹொண்டா கிறேஸ் ஹைபிரிட் பற்றியும் கேட்டாய். ஓட அருமையான வண்டி. ஆனால் அதில் இரட்டைக் கிளச் கியர்பெட்டி, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆளை வன்னியில் நீயே தேடிக் கண்டுபிடி.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதிலும் பெரிய பிரயோசனம் இல்லை. 2020 இல் போட்ட இறக்குமதித் தடையை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீக்கியபோது எல்லோரும் அப்படித்தான் காத்திருந்தோம். வந்த வண்டிகள் வரியோடு சேர்ந்து வந்தன. இன்னும் கம்பசில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல்: கார் வேண்டாம். அறிவியல் நகர் வாசலிலேயே பஸ் நிற்கிறது. லீசிங் கட்டுவதற்கு அப்பாவிடம் கேட்கிற வயசில் காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

முடிவு கேட்டால், இந்தக் கிழமை என்னுடைய முடிவு: செடானே எடுக்காதே. அலியனுமில்லை, சில்பியுமில்லை. உன் வீடும் என் வீட்டைப் போல ஒழுங்கைக்குள்தான், பிரதேச சபை தார் போடுகிற வரைக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் போதும், மழைக்கு ரெயின்கோட் வாங்கித் தருகிறேன். போன மாதம் கேட்டிருந்தால் அலியன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், அதுவும் உண்மைதான். என் காரை விற்கப் போகிறேனா என்று அக்கா கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல, நாளைக்கு அம்மாவுக்குக் கிளினிக்.

வவுனியாவில் அலியன் 240 ஒன்று நிற்கிறதாம், நீ ஏற்கனவே பேசி வைத்துவிட்டாய், தம்பி. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். வரும்போது ஒரு பழைய பாய் எடுத்துக்கொண்டு வா. முற்பணம் கொடுக்க முதல் நான் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.