கையெழுத்துப் போடுவது யார்?

ஒருவருடைய மின்னஞ்சலை அரசு சட்டப்படி பார்க்க வேண்டுமென்றால், எங்கோ ஒரு மேசையில் யாராவது ஒருவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அமெரிக்காவில் அது நீதிபதி. பிரிட்டனில் அமைச்சர், அவருக்குப் பின்னால் ஒரு நீதிபதி. இந்தியாவில் உள்துறைச் செயலர். இந்த வரிசையைப் பார்த்தால் அமெரிக்கா முதலிடம், நாம் கடைசி என்று தோன்றும். கடைசி இடத்தில் எனக்குச் சந்தேகமில்லை. முதலிடம்தான் இடிக்கிறது.

உளவுக் கண்காணிப்புக்கென்றே 1978 சட்டத்தின்படி அமெரிக்காவில் தனி நீதிமன்றம் இருக்கிறது. 11 நீதிபதிகள், மூடிய கதவு, பெரும்பாலும் அரசுத் தரப்பு மட்டும் பேசும். அமெரிக்காவுக்குள் இருக்கும் ஒருவரைக் குறிவைத்துக் கண்காணிக்க, அவர் பெயரில் தனிக் கோப்பு வேண்டும். அதைப் படித்து நீதிபதி திருப்தியடைய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2008-இல் அதே சட்டத்தில் 702-ஆம் பிரிவு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவர் என்றால் தனிக் கோப்பு தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை பொதுவான நடைமுறைக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தால் போதும். யாரைப் பார்ப்பது என்பதை உளவு அமைப்பே முடிவு செய்துகொள்ளும். அமெரிக்க உளவு அமைப்பின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென் 2013-இல் அம்பலப்படுத்திய பிரிசம் திட்டம், அதாவது கூகுள் போன்ற நிறுவனங்களிடமிருந்து தகவல் எடுக்கும் திட்டம், ஓடியது இந்தப் பிரிவில்தான். அந்த ஆண்டுக்கு அமெரிக்க அரசே வெளியிட்ட கணக்கு இது: நீதிமன்ற உத்தரவு 1, குறிவைக்கப்பட்டவை சுமார் 89,138. சென்னையில் உட்கார்ந்து ஜிமெயில் அனுப்பும் நாம் இந்த இரண்டாவது வகைக்குள்தான் வருவோம். கையெழுத்து நீதிபதியுடையதுதான், ஆனால் நம் பெயரை அவர் பார்ப்பதே இல்லை.

பிரிட்டன் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. உயர் நீதிமன்ற அனுபவமுள்ள நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும். இரட்டைப் பூட்டு என்பார்கள். அவசரம் என்று அமைச்சர் மட்டும் போட்டுவிட்டாலும், மூன்று வேலை நாளுக்குள் ஆணையர் அதைப் பார்த்துவிட வேண்டும். எனக்குப் பிடித்தது வேறொன்று: தன்னைக் கண்காணித்தார்கள் என்று நிரூபிக்காமலேயே ஒருவர் அதற்கான தீர்ப்பாயத்தில் புகார் தரலாம். அதற்காக பிரிட்டனைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். மொத்தமாக வலைவீசும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. பயனர் தகவலைப் பார்க்க வழிசெய்யச் சொல்லி நிறுவனங்களுக்கு ரகசிய உத்தரவு அனுப்பவும் அது வழிவிடுகிறது. அப்படி ஒன்று ஆப்பிளுக்குப் போனதாகச் செய்தி வந்த சில நாட்களில், 2025 பிப்ரவரியில், ஐகிளவுடில் வைத்திருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் கூடுதல் குறியாக்க வசதியை அந்த நிறுவனம் பிரிட்டனில் நிறுத்திக்கொண்டது.

சரி, நம் கதைக்கு வருவோம். இங்கே தொலைபேசிக்கு ஒரு சட்டம், கணினித் தகவலுக்கு இன்னொரு சட்டம். பேச்சை ஒட்டுக்கேட்க 'பொது நெருக்கடி' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்ற வாசலைத் தாண்ட வேண்டும். 1885 தந்திச் சட்டத்தில் வெள்ளைக்காரன் வைத்த வாசல் அது; 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் அந்த வாசலே இல்லை. 'எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும்' என்று இருந்தால் போதும். ஆக, ஒரே ஆளின் ஒரே போனில், வாய்ப் பேச்சுக்கு இருக்கும் காப்பு அவர் தட்டச்சு செய்ததற்கு இல்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த பிறகும், 2018 டிசம்பரில் கணினித் தகவலைக் கண்காணிக்க அதிகாரம் உள்ளவை என்று உள்துறை அமைச்சகம் 10 அமைப்புகளின் பெயரைப் பட்டியலிட்டது இந்தப் பிரிவின் கீழ்தான்.

கையெழுத்துப் போடுவது செயலர் என்றேன். அதைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் இருப்பது யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலரும் வேறு இரு செயலர்களும். தம்பி போட்ட கணக்கை அண்ணன் திருத்துகிற கதை. தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் இந்தக் குழுவின் முன் ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் இருக்கும். எட்டு மணி நேரம் டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் பார்த்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடி கிடைக்காது.

இங்கே சட்டப் புத்தகம் சொல்லும் காவல் நிஜத்தில் விழித்துக்கொள்வது எப்போது என்றால், விஷயம் தற்செயலாக நீதிமன்றத்துக்கு வரும்போதுதான். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு லஞ்ச வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை; கேட்டுப் பதிவு செய்ததை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. இதே வாதத்தை 69-ஆம் பிரிவு உத்தரவு ஒன்றுக்கு எதிராக வைத்திருந்தால் முதல் பாதி எடுபட்டிருக்காது. தொலைபேசி என்பதால் அவர் தப்பினார். ஜெர்மனியில் கண்காணிப்பு முடிந்த பிறகு, விதிவிலக்கு இல்லாவிட்டால், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இங்கே அப்படி ஒரு விதியும் இல்லை. தன்மேல் லஞ்ச வழக்குப் போட்டதால்தான் அந்தச் சென்னை வழக்குக்காரருக்கு விஷயமே தெரிந்தது. ரத்தான உத்தரவின் தேதி 2011 ஆகஸ்ட்.